பெயர் மாறும், அடிப்படை மாறாது!
மென்பொருள் கற்க விரும்பும் கம்பம் பள்ளத்தாக்கு மாணவர் எங்கே தொடங்குவது?

கம்பம் பள்ளத்தாக்கு என்றதும் மூன்று விஷயங்கள் நினைவுக்கு வரும். பெரியாற்று அணைத் தண்ணீர் ஒன்று; அந்தத் தண்ணீரை நம்பி 14,707 ஏக்கரில் நடக்கும் இருபோக நெல் சாகுபடி மற்றொன்று; சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டிப் பந்தல்களில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் பன்னீர் திராட்சை மூன்றாவது. அந்தத் திராட்சைக்கு 2023-ம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

இன்று நான்காவது விஷயம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அதுதான் கம்ப்யூட்டர் படிப்பு. உத்தமபாளையத்தில் 1956-ல் தோன்றிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி, கம்பத்திலுள்ள ஆதிசுஞ்சனகிரி மகளிர் கல்லூரி, போடியில் 2012-ல் ஏற்பட்ட அரசு பொறியியல் கல்லூரி என்று உயர் கல்விக்குப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. மதுரைக்கும் கோவைக்கும் சென்னைக்கும் போய்ப் படிப்போரும் உண்டு. திராட்சைத் தோட்டத்து வருமானமும், நெல் விற்ற பணமும், வங்கிக் கடனும் இந்தப் படிப்புக்குப் போகின்றன.

படிப்பில் சேர்ந்த இரண்டாம் ஆண்டிலேயே மாணவரைக் குழப்பம் பிடித்துக்கொள்கிறது. “செயற்கை அறிவு படி” என்கிறார் ஒருவர். “கிளவுட் படித்தால்தான் வேலை” என்கிறார் இன்னொருவர். “ஃபுல் ஸ்டாக்”, “டேட்டா சயின்ஸ்”, “பிளாக்செயின்” என்று விளம்பரங்கள் கண்ணைப் பறிக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பயிற்சி நிலையம். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு கட்டணம். “வேலை நிச்சயம்” என்ற வாக்குறுதி வேறு!

இந்த நிலையில் மாணவர் எதை முதலில் கற்பது? எங்கே தொடங்குவது? இது ஒரு மாணவரின் சொந்தக் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பு இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்திருக்கிறது.

வந்தவை எத்தனை, நின்றவை எத்தனை?

மென்பொருள் உலகில் புதுப் பெயர்கள் வருவது புதுமையல்ல. வந்த வேகத்தில் போவதும் புதுமையல்ல.

ஒரு காலத்தில் இணையத்தில் அசையும் படம் என்றால் ஃப்ளாஷ்தான். அதைக் கற்பதற்கென்றே ஊருக்கு ஊர் வகுப்புகள் நடந்தன. 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு அடோபி கம்பெனி அதற்கு ஆதரவை நிறுத்திக்கொண்டது. கூகிள் கம்பெனி 2010-ல் கொண்டுவந்த ஆங்குலர் ஜே.எஸ். என்ற சாதனமும் அப்படியே. அது தெரிந்தவர்களுக்கு நல்ல கிராக்கி இருந்தது. 2021-ம் ஆண்டு முடிவோடு அதற்கும் ஆதரவு நின்றது.

இவற்றுக்கு நேர் எதிரான பட்டியலும் ஒன்று உண்டு. யூனிக்ஸ் 1969-ல் பிறந்தது. சி மொழியை டென்னிஸ் ரிச்சி 1972-ல் உருவாக்கினார். தகவல்களை அட்டவணைகளாகத் தொகுக்கும் முறையை எட்கர் காட் 1970-ல் வகுத்துக் கொடுத்தார், அதிலிருந்து எஸ்.க்யூ.எல். மொழி பிறந்தது. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் இவை உபயோகத்தில் இருக்கின்றன. வங்கிக் கணக்கும் ரயில் டிக்கெட்டும் இன்றும் அட்டவணைகளில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

ஃப்ளாஷ் கற்றவர் வீணாகிப் போனாரா என்றால், எல்லோரும் போகவில்லை. ஃப்ளாஷைப் பொத்தான் பொத்தானாக மனப்பாடம் செய்தவர் தடுமாறினார். அதன் வழியே புரோகிராம் எழுதும் முறையைப் புரிந்துகொண்டவர் சில மாதங்களில் அடுத்த சாதனத்துக்கு மாறிக்கொண்டார். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

டி.சி.எஸ். அறிவிப்பு

2025 ஜூலையில் டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் கம்பெனி தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது ஏறக்குறைய 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. நாடெங்கும் பரபரப்பு ஏற்பட்டது. குறைக்கப்படுவோரில் பெரும்பாலோர் நடுத்தர, மேல் நிலை உத்தியோகஸ்தர்கள் என்று சொல்லப்பட்டது. தேவைப்படும் திறனுக்கும் இருக்கும் திறனுக்கும் பொருத்தம் இல்லாமல் போனதைக் கம்பெனி காரணமாகக் காட்டியது.

பட்டமும் அனுபவமும் இருந்தவர்கள் விஷயமே இப்படி என்றால், புதிதாக வரும் மாணவர் என்ன செய்வது? இந்தத் தொழிலில் ஒருமுறை கற்று ஓய்வு பெறும் வரை உண்ணலாம் என்ற எண்ணம் இனிச் செல்லாது. ஆகவே ஏதாவது ஒரு சாதனத்தைக் கற்பதைவிட, எந்தச் சாதனம் வந்தாலும் தானே கற்றுக்கொள்ளும் சக்தியைச் சம்பாதிப்பது முக்கியம்.

யந்திரமே எழுதிவிடுமே!

2022 நவம்பர் 30-ம் தேதி சாட்ஜிபிடி வெளிவந்தது. அதற்குப் பிறகு, “கேட்டால் யந்திரமே புரோகிராம் எழுதித் தருகிறதே, நான் எதற்குக் கற்க வேண்டும்?” என்ற கேள்வி எழுந்திருக்கிறது.

எழுதித் தருகிறது, உண்மைதான். கல்லூரியில் கொடுக்கும் பயிற்சிக் கணக்குகளை நொடியில் முடித்துவிடுகிறது. ஆனால் அது சில சமயம் தவறாகவும் எழுதுகிறது. தவறை மிகுந்த தைரியத்தோடு எழுதுகிறது! அந்தத் தவறைக் கண்டுபிடிக்க, எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். கணக்குத் தெரியாதவர் கையில் கால்குலேட்டர் கொடுத்தால், விடை தவறாக வந்தாலும் அவருக்குத் தெரியாது அல்லவா?

ஆகவே தொடக்க மாணவருக்கு ஒரு கட்டுப்பாடு அவசியம். முதல் ஆறு மாதம் புரோகிராமைத் தானே எழுத வேண்டும். பிழை வந்தால் பிழைச் செய்தியைத் தானே படிக்க வேண்டும். அரை மணி நேரம் முயன்றும் புரியவில்லை என்றால் யந்திரத்திடம் விளக்கம் கேட்கலாம், விடை கேட்கக்கூடாது. “இது ஏன் தவறு?” என்று கேட்பவருக்கு அது நல்ல வாத்தியார். “எழுதிக் கொடு” என்று கேட்பவருக்கு அது பரீட்சையில் பக்கத்துப் பையன் காட்டும் விடைத்தாள்.

முப்பத்தைந்து சொற்கள்

சரி, எந்த மொழியில் தொடங்குவது? சி, ஜாவா, பைதான் மூன்றில் எதுவானாலும் தவறில்லை. கல்லூரியில் எதைச் சொல்லிக் கொடுக்கிறார்களோ அதையே பிடித்துக்கொள்ளலாம். தானாகத் தொடங்குபவருக்குப் பைதான் எளிது. நெதர்லாந்து நாட்டைச் சேர்ந்த கீடோ வான் ராசம் 1991-ல் வெளியிட்ட மொழி அது.

தமிழில் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்கள் ஆங்கிலத்தை எண்ணி அஞ்சுகிறார்கள். பைதான் மொழிக்கே உரிய கட்டளைச் சொற்கள் மொத்தம் 35 மட்டுமே. அவற்றைக் கற்க ஒரு வாரம் போதும். முத்தையா அண்ணாமலை 2007-ல் வேலையைத் தொடங்கி உருவாக்கிய “எழில்” மொழியில் கட்டளைகளே தமிழில் இருக்கின்றன. புரோகிராம் என்றால் என்ன என்று முதன்முதலில் விளங்கிக்கொள்ள அது ஒரு நல்ல படி.

எனினும் ஆங்கிலத்தை அடியோடு ஒதுக்கிவிட முடியாது. புதிய சாதனம் எதுவாயினும் அதன் விளக்கக் குறிப்பு முதலில் ஆங்கிலத்தில்தான் வருகிறது. தினம் ஒரு பக்கம் படித்து, தெரியாத சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்தால் ஓராண்டில் அந்த அச்சம் நீங்கிவிடும்.

மொழிக்குப் பின் நான்கு அடிப்படைகள் உண்டு. தகவலைத் தொகுத்து வைக்கும் டேட்டாபேஸ். இணையப் பக்கம் உருவாகும் விதம். லினக்ஸ் போன்ற ஓர் இயக்க முறை. எழுதியதைப் பதிப்புப் பதிப்பாகக் காப்பாற்றும் கிட் என்ற சாதனம். புதுப் பெயர்களில் பெரும்பாலானவை இந்த நான்கின் மீதுதான் எழும்புகின்றன.

அணை மட்டமே பாடம்

இவற்றைப் புத்தகத்தில் படித்தால் மட்டும் மனத்தில் தங்காது. ஏதாவது ஒன்றைச் செய்து பார்க்க வேண்டும். எதைச் செய்வது? சுருளிப்பட்டி மாணவர் அமெரிக்காவில் தேட வேண்டியதில்லை.

பெரியாற்று அணையின் நீர்மட்டம் பத்திரிகைகளில் வருகிறது. 142 அடி வரை நீரைத் தேக்கலாம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கூறியது. பள்ளத்தாக்கு விவசாயிகள் ஆவலோடு பார்க்கும் எண் இது. இதையே முதல் பாடமாக வைத்துக்கொள்ளலாம்.

முதல் வாரம்: தேதியையும் அடியையும் கேட்டு, ஒரு கோப்பில் ஒரு வரியாகச் சேர்க்கும் சிறு புரோகிராம். பத்துப் பதினைந்து வரிகளில் முடிந்துவிடும்.

இரண்டாம் வாரம்: மாதத்தில் மட்டம் அதிகம் இருந்த நாள் எது, குறைந்த நாள் எது, சராசரி என்ன? இங்கே முதல் தொல்லை வரும். யாராவது பூஜ்யத்துக்குப் பதிலாக ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் தட்டிவிட்டால் புரோகிராம் நின்றுபோகும். தவறான எண்ணை வாசலிலேயே தடுப்பது எப்படி என்று அப்போதுதான் புரியும். கம்பெனிகளில் பெரிய சம்பளம் வாங்குவோரும் நாள்தோறும் செய்யும் வேலை இது.

இரண்டாம் மாதம்: ஒரே தேதியை இரண்டு முறை பதிந்துவிட்டால் என்ன செய்வது? இங்கே டேட்டாபேஸ் தேவைப்படுகிறது. தேதியை ஒரு வரிசைக்கு ஒன்றே என்று விதித்துவிட்டால் இரட்டைப் பதிவை அதுவே மறுத்துவிடும். எஸ்.க்யூ.எல். ஏன் தேவை என்பதை இனி யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் மாதம்: அதை வரைபடமாக்கி, ஊரார் கைபேசியில் பார்க்கும் இணையப் பக்கமாக்கலாம். தமிழில் எழுத வேண்டும். அப்போது ஒரு வேடிக்கை தெரியவரும். “தேனி” என்பதில் கண்ணுக்கு இரண்டு எழுத்துகள். பைதானிடம் கேட்டால் நான்கு என்று சொல்லும்! யூனிகோட் முறையில் உயிர்க் குறிகள் தனியே எண்ணப்படுவதே காரணம். இதை அறிந்த மாணவர், தமிழை ஒழுங்காகக் காட்டும் மென்பொருளை எழுதத் தகுதி பெறுகிறார்.

அடுத்து திராட்சைக் கணக்கு. எத்தனை பெட்டி, எத்தனை கிலோ, விலை என்ன, கமிஷன் எவ்வளவு, வெட்டுக் கூலி எவ்வளவு? பணத்தைத் தசமத்தில் கூட்டினால் மற்றொரு பாடம் காத்திருக்கிறது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டச் சொன்னால் சரியாக 0.3 என்று பைதான் சொல்லாது. கடைசியில் ஒரு துளி கூடும். ஆகவே ரூபாயைப் பைசாவாக மாற்றி முழு எண்ணாகவே வைக்க வேண்டும். இந்தச் சூட்சுமத்தை ஒரு வியாபாரியின் கணக்கு நோட்டு கற்றுத் தருவதுபோல் எந்த வகுப்பும் கற்றுத் தராது.

இப்படி ஒரு வேலையை முடித்தவர் நேர்முகத் தேர்வில், “நீ என்ன செய்திருக்கிறாய்?” என்ற கேள்விக்குத் தலை குனிய வேண்டியதில்லை.

காசு கொடுக்காமல் கிடைப்பவை

இவ்வளவும் கற்கப் பணம் எவ்வளவு வேண்டும்? பெரும்பகுதி இலவசம்!

ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்.பி.டெல். திட்டத்தில் நூற்றுக்கணக்கான பாடங்கள் இருக்கின்றன. சென்னைக் கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்திய பைதான் பாடமும் அவற்றில் ஒன்று. பாடம் கேட்பது இலவசம். சான்றிதழ்ப் பரீட்சைக்கு மட்டுமே கட்டணம். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய ஸ்வயம் தளத்தில் படிக்கும் பாடங்களை, ஒரு பருவத்துப் பாடங்களில் 40 சதவீதம் வரை பட்டப் படிப்பில் கணக்கில் சேர்க்கலாம் என்று பல்கலைக் கழக மானியக் குழுவின் 2021-ம் ஆண்டு விதி அனுமதிக்கிறது. தங்கள் கல்லூரி இதை ஏற்கிறதா என்று மாணவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

தமிழக அரசு 2022 மார்ச் 1-ம் தேதி “நான் முதல்வன்” திட்டத்தைத் தொடங்கியது. கல்லூரிப் பாடத்தோடு தொழில்திறனையும் சேர்ப்பது அதன் நோக்கம்.

தமிழிலேயே படிக்க விரும்புவோருக்குக் “கணியம்” இருக்கிறது. த. சீனிவாசன் முதலியோர் 2012-ல் தொடங்கிய இலவச மென்பொருள் இதழ் அது. து. நித்யா எழுதிய “எளிய தமிழில்” வரிசை நூல்கள் மைஎஸ்க்யூஎல், எச்.டி.எம்.எல். போன்றவற்றைத் தமிழில் விளக்குகின்றன. யாரும் காசில்லாமல் இறக்கிப் படிக்கலாம்.

யந்திரத்துக்கு என்ன செய்வது? 2011-ல் தொடங்கிய அரசு லேப்டாப் திட்டத்தில் பல லட்சம் மாணவர்கள் பயன் பெற்றார்கள். 2025 மார்ச்சில் வந்த தமிழக பட்ஜெட்டில், கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டாப்லெட் தருவதாக அறிவிக்கப்பட்டது. அண்ணன், அக்காளுக்குக் கிடைத்த பழைய லேப்டாப் மூலையில் கிடந்தால் அதையும் தள்ளிவிட வேண்டாம். எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை ஏற்றினால் தொடக்கப் பாடங்களுக்கு அது போதும்.

தனியாகக் கற்றால் தளர்ச்சி

ஆனால் இலவசம் என்பதால் மட்டும் கல்வி வந்துவிடாது. இணையப் பாடத்தில் ஆர்வத்தோடு சேர்ந்து, மூன்றாம் வாரத்தில் விட்டுவிடுவோர் ஏராளம். கேட்க ஆள் இல்லை, காட்ட ஆள் இல்லை, மனம் தளர்ந்துவிடுகிறது.

பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கிப் பல்கலைக் கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் கதை இங்கே நினைக்கத்தக்கது. 1991-ல் அவருக்கு வயது 21. தான் வாங்கிய புதுக் கம்ப்யூட்டரை நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு சிறு இயக்க முறையை எழுதத் தொடங்கினார். அதைப் பூட்டி வைக்காமல் எல்லோர் பார்வைக்கும் வைத்தார். உலகின் பல மூலைகளிலிருந்தும் பிழை காட்டினார்கள், திருத்தம் அனுப்பினார்கள். அதுதான் லினக்ஸ். உலகத்து ஆண்ட்ராய்டு கைபேசிகளின் அடித்தளம் இன்று அதுவே. பிறகு 2005-ல் கிட் சாதனத்தையும் அவரே உருவாக்கினார்.

எல்லா மாணவரும் டோர்வால்ட்ஸ் ஆகிவிட முடியாது. ஆனால் எழுதியதைப் பிறர் பார்வைக்கு வைப்பதும், பிறர் எழுதியதைப் படித்துப் பிழை சொல்வதும் எல்லோராலும் முடியும். திறந்த மென்பொருள் திட்டங்களில் புதியவர்கள் வழிகாட்டியோடு வேலை செய்து உதவித்தொகையும் பெறுவதற்கு, கூகிள் கம்பெனி 2005 முதல் “சம்மர் ஆஃப் கோட்” என்ற ஏற்பாட்டை நடத்தி வந்திருக்கிறது. அதில் இடம் பெறுவது எளிதல்ல. ஆனால் அதற்காகச் செய்யும் பயிற்சியே பெரிய லாபம்.

இவற்றுக்கு முன்னால், பக்கத்திலேயே நான்கு பேர் சேர வேண்டும். வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் கேள்வி கேட்க வேண்டும். மொய்க் கணக்கை இரண்டு பேர் சேர்ந்து எழுதுவது ஏன்? ஒருவர் விட்டதை மற்றவர் பிடிப்பார் என்பதற்குத்தானே!

பெற்றோர் கேட்க வேண்டியவை

தனியார் பயிற்சி நிலையங்கள் எல்லாமே மோசம் என்று சொல்லிவிட முடியாது. நன்றாகச் சொல்லிக் கொடுப்பவையும் இருக்கின்றன. ஆனால் பணம் கட்டுமுன் பெற்றோர் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். பாடம் நடத்துபவர் யார்? முன்பு படித்தவர்கள் செய்த வேலையைப் பார்க்கலாமா? பாதியில் விட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா? “வேலை நிச்சயம்” என்பதை எழுத்தில் தருவார்களா? பதில் மழுப்பலாக இருந்தால் பணத்தோடு வீடு திரும்புவதே உத்தமம்.

சென்னைக்கும் பெங்களூருக்கும் போனால்தான் இந்தத் தொழில் என்ற நிலையும் மெல்ல மாறுகிறது. ஸ்ரீதர் வேம்பு முதலியோர் 1996-ல் தொடங்கிய கம்பெனிதான் பின்னாளில் ஸோஹோ ஆயிற்று. அது தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்து நடத்துகிறது. பட்டம் பெறாத பிள்ளைகளையும் சேர்த்து, உதவித்தொகை கொடுத்துப் பயிற்றுவிக்கும் பள்ளியையும் அந்தக் கம்பெனி நடத்தி வருகிறது. மதுரையில் டைடல் பூங்காவுக்கு 2025 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. மலை அடிவாரத்திலும் இந்த வேலை நடக்கும் என்பதற்கு இவை அறிகுறிகள். ஆனால் கட்டடம் வந்துவிட்டால் அதற்குள் உட்காரத் தகுதியானவர்கள் தாமாக வந்துவிட மாட்டார்கள்.

இங்கே கல்லூரிகளுக்கும் பொறுப்பு உண்டு. வகுப்பு முடிந்ததும் கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிவிடாமல் மாலையில் இரண்டு மணி நேரம் திறந்து வைக்கலாம். இறுதியாண்டு வேலையாக, காசு கொடுத்து வாங்கிய ஒரு தயார்ப் புரோகிராமை ஏற்காமல், சொந்த ஊரின் தேவை ஒன்றுக்கு எழுதியதையே ஏற்போம் என்று ஆசிரியர்கள் உறுதியாக நிற்கலாம். ஊர்ப்புற நூலகத்தில் இணைய வசதியோடு இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தால், வீட்டில் வசதியில்லாத பெண் பிள்ளைகளும் அச்சமின்றி வந்து பழகலாம். இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை, மனம் தேவை.

திராட்சைக் கொடி நட்டவுடன் காய்த்துவிடாது. பந்தலில் ஏற்றி, காலம் பார்த்துக் கவாத்து செய்து, காத்திருக்க வேண்டும் என்பது சுருளிப்பட்டி விவசாயிக்குத் தெரியும். மூன்று மாதத்தில் நிபுணர் ஆக்குகிறோம் என்ற விளம்பரத்தை அவர் அதே கண்ணோடு பார்த்தால் போதும். பிள்ளைக்குத் தேவைப்படுவது தினம் ஒரு மணி நேரம், ஒரு பழைய லேப்டாப், கூடப் படிக்க நான்கு தோழர்கள், முடித்துக் காட்ட ஒரு சின்ன வேலை. அடுத்த ஆண்டு எந்தப் புதுப் பெயர் வந்தாலும் அந்தப் பிள்ளை அதைக் கற்றுக்கொள்ளும்.